எறக்கம்

முதல்லயே சொல்லிர்றேனுங்க,
அது கோளாறு.
கவர்னர் ஸ்பிரிங் தளந்துபோன
ரெண்டு சிலிண்டர் ஜெனரேட்டர், என்னோடது.
வாடகை மணிக்கு முந்நூறு, டீசல் தனி.

திருப்பூர்ல, அனுப்பர்பாளையத்துக்கு வடக்க
ஒரு பிரிண்டிங் யூனிட்டு. மேல்மாடி தகரக் கூரை.
நாளைக்குப் பதினாலு மணி நேரம் கரண்ட் இல்லாத வருசம்.
ஞாயித்துக்கெழமை ராத்திரி
கட்டிங் டேபிளச் செவுத்தோரம் தள்ளி
அதும் மேல ஆளுயர ஸ்பீக்கர் ரெண்டு.

கோகிலவாணி பகல்ல மெர்ச்சண்டைசர்.
ஆன்ட்வெர்ப் பையர் ஒருத்தன்
நைட்டி சாம்பிள் பெட்டியில மறந்துட்டுப் போன சிடி
அவள ஒரு வழி பண்ணிருச்சு.
நாலுக்கு நாலு அடி, வார்த்தையே இல்ல.
ஓவர்லாக் மிசின் சத்தத்தப் புடிச்சு சலங்கையாக்குனா,
ஸ்டீம் அயர்ன் விடற பெருமூச்ச
அடிக்கும் அடிக்கும் நடுவுல தெச்சா.
லேப்டாப் பேட்டரி செத்துப்போயிருந்துது,
அதனால எல்லாத்தையும் ஒரு கெழட்டு ஸ்பூல் டெக்குல ஏத்துனா.
அந்த டெக் மோட்டாரு
கரண்ட்டு என்ன வேகமோ அந்த வேகத்துல சுத்தறது.

மொத அடி விழுந்துது.
ஆம்ப்ளிஃபயர் ஒரே மொடக்குல கரண்ட்டக் குடிச்சுது,
கீழ என் எஞ்சின் இருமுச்சு,
அம்பதுல நின்ன மீட்டர் நாப்பத்தாறுக்கு வந்துது,
டேப்பு சோர்ந்துது,
சுருதி முட்டி மடக்கிக் குந்துச்சு.
அப்பறம் லோடு லாரி
பாலத்து மேல மூச்சு வாங்கி ஏறுமே, அப்படி
அடுத்த அடிக்குள்ள எந்திரிச்சுது.
திரும்பக் குந்துச்சு.

எனக்கு மானம் போச்சுங்க.
ஓடிப்போயி ஆக்சிலேட்டர் நெம்ப அமுக்கிப் புடிச்சேன்.
பாட்டு நேராச்சு.
படியில தடதடன்னு செருப்புச் சத்தம்,
"மாகாளிண்ணா, கைய எடுங்க! கைய எடுங்க!"

எடுத்தேன்.
மேல ஏறிப் பாத்தா
ஒடிசாக்காரன் துக்கிஷ்யாம், தேனி புள்ளைங்க ரெண்டு,
பனியன் பூரா சாயக் கறையோட ஒரு பீகார் பையன்,
செக்கிங் செக்சன் மொத்தமும்
சுருதி விழறப்ப விழுந்து
ஏறறப்ப ஏறி.
ஒருத்தன் மொழி ஒருத்தனுக்குத் தெரியாது.
முட்டிக்குத் தெரிஞ்சிருந்துது.

அடுத்த வருசம் கரண்ட் வந்துருச்சு,
ஈபி லைன்ல மாட்டுனாங்க.
அட்டை வெச்ச காலரு, குண்டூசி குத்துன கை,
பெட்டியப் பிரிச்ச புதுச் சட்டையாட்டம்
பாட்டு வெறச்சு நின்னுது.
கூட்டம் ஆடாம பேசிட்டிருந்துது.
துக்கிஷ்யாம் மட்டும் எறங்கி வந்து
வாசல்ல நின்னு ரோட்டப் பாத்தான்,
"ஜெனரேட்டர் கிதர்?"

இப்ப குமாரபாளையத்துல, பவானில
பசங்க கம்ப்யூட்டர்லயே அந்தக் குழிய வரையறாங்களாம்.
அதுக்கு எறக்கம்னு பேரு வெச்சாச்சாம்.
வரைஞ்ச ஒண்ண எனக்குப் போட்டுக் காட்டுனாங்க.
குழியெல்லாம் ஒரே ஆழம்.
என் எஞ்சின் அப்படியில்லீங்க,
டேங்க்ல டீசல் குறையக் குறைய
ராத்திரி ரெண்டு மணிக்கு மேல
எவ்வளவு ஆழத்துக்குப் போவும்னு எனக்கே தெரியாது.

இத ஆரு கண்டுபுடிச்சதுன்னு
கோகிலவாணிகிட்ட ஒருத்தர் கேட்டாரு.
"லோடு"ன்னா. அதுக்கு மேல பேசல.

மெக்கானிக் பாத்துட்டு
ஸ்பிரிங் எம்பது ரூவாதான், மாத்திரலாம்னான்.
மாத்திட்டேன்.
கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டத்துக்குப் புதுசு.
ஞாயித்துக்கெழமைக்குப் பழச எடுத்துப் பூட்டறேன்,
பத்து நிமிசம் ஆவும்.
இருட்டுல ஸ்பேனர் தட்டற சத்தம் கேட்டாப் போதும்,
மேல தகரத்துக்கடியில
காலுங்க தேய்க்க ஆரம்பிச்சுரும்.

போன மாசத்து டீசல் காசு
இன்னும் வரலீங்க.